வரைபடத்திலிருந்து மறைந்த புயல்

நாலைந்து வருடங்களுக்கு முன், மார்கழி பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தீபத்துக்கு வந்த கூட்டமெல்லாம் வடிந்து, மலை உச்சியிலிருந்து கொப்பரையையும் இறக்கிவிட்டார்கள். திருவண்ணாமலையே அப்பாடா என்று காலை நீட்டிப் படுத்திருந்த நேரம். எனக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. உலகத்தில் எந்தக் கடலில் எந்தப் புயல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். வானிலை ஆபீசில் வேலையா என்றால் அதுவும் இல்லை. இட்லி மாவு அரைத்து விற்கிறவள் நான். மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டிய தெருவில் அப்போது எங்கள் வீடு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும். ஆனால் என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் முக்கால்வாசி நாள் அவர் கடலில்தான் இருப்பார். நானும் மாமனாரும் வீட்டில்.

ஒருமுறை பிலிப்பைன்ஸ் பக்கம் அவர் கப்பல் ஒரு புயலில் மாட்டிக்கொண்டது. பல நாள் போன் இல்லை. பிறகு லீவில் வந்தபோது, பாத்திரத்தையெல்லாம் கயிறு போட்டுக் கட்டியும் ரசம் எகிறிக் கூரையில் அடித்த கதையை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொன்னார். மாமாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், இனிமேல் எனக்குத் தெரியாமல் எந்தப் புயலும் கிளம்பக் கூடாது என்று.

செல்போனில் இரண்டு வரைபடம் வைத்திருந்தேன். ஒன்றில் உலகத்துக் கப்பலெல்லாம் குட்டிக் குட்டி அம்புக்குறியாகத் தெரியும். இன்னொன்றில் புயல்கள். எங்கே மையம், எவ்வளவு காற்று, அடுத்த சில நாளில் எந்தப் பக்கம் போகும் என்று கூம்பு மாதிரி வரைந்து காட்டுவார்கள். சீனா, ஜப்பான் பக்கம் வந்தால் டைபூன், அமெரிக்கா பக்கம் வந்தால் ஹரிக்கேன், நமக்கு சைக்ளோன். பெயர்தான் வேறு, தூக்கத்தைக் கெடுப்பதில் எல்லாம் ஒன்றுதான். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிற புயல் இடமாகச் சுற்றும், தெற்கே இருப்பது நாம் கிரிவலம் போகிற மாதிரி வலமாகச் சுற்றும் என்பதுவரை எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். "காத்தப் பாரு, அலையப் பாரு. அது ரெண்டுதான் கப்பலுக்கு எமன். மழைய விடு. மழை பெஞ்சா டெக்கு கழுவுற வேலை மிச்சம்" என்று சொல்வார். நானும் அப்படியே பழகிக்கொண்டேன். காற்று எவ்வளவு, அலை எத்தனை உயரம், இவ்வளவுதான் என் கணக்கு.

என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. கப்பலில் வேலை செய்கிறவர்களின் மனைவிமார் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். ஒருநாள் யாரோ பயந்துபோய் ஏதோ கேட்க, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லைங்க, நிம்மதியா தூங்குங்க" என்று எழுதிவிட்டேன். வந்தது வினை. மறுநாள் காலையிலிருந்து, "அக்கா, பாத்தீங்களா?" "அக்கா, மெக்சிகோ பக்கம் எப்படி இருக்கு?" எங்கள் வீட்டு ஆண்கள் இல்லாத கடல் கிடையாது. பொழுது விடிந்ததும் ஒவ்வொரு கப்பலாகத் தேடி, ஒவ்வொரு புயலாகப் பார்த்து, குழுவில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

இதில் ஓய்வு என்பதே கிடையாது என்று ஆரம்பத்தில் எனக்குத் தெரியாது. நம் ஊரில் மார்கழி முடிந்தால் புயல் முடிந்தது என்று நினைப்போம். மொரிஷியஸ் பக்கம் அப்போதுதான் சூடு பிடிக்கும். அது அடங்கினால் சித்திரையில் நம் வங்கக்கடல். ஆடி வந்தால் ஜப்பான் பக்கம், ஆவணியில் அமெரிக்கா. உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. மாவு அரைத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் எனக்குக் கடல் என்றாலே சலித்துப்போய்விட்டது. பார்க்காமல் இருக்கவும் பயம். ரொம்ப அலுத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

குழுவில் எல்லாரையும்விட என் உயிரை வாங்கியவள் ஒரு தூத்துக்குடிப் பெண். அப்போதுதான் கல்யாணமாகி, வீட்டுக்காரர் முதல் தடவையாகக் கப்பல் ஏறியிருந்தார். "அக்கா, அவுக கப்பலுக்குப் பக்கத்துல செவப்பா ஒண்ணு வருதுக்கா! புயலாக்கா?" என்று கேட்பாள். "அது எண்ணெய்க் கப்பல்மா. அந்த மேப்ல எண்ணெய்க் கப்பல செவப்புலதான் காட்டுவாங்க" என்று எழுதுவேன். மறுநாளும் அதே செவப்பு, அதே கேள்வி. இரண்டு வரைபடத்தையும் எப்படிப் பெரிதாக்குவது, புயல் வரைபடத்தில் மேலே இருக்கிற பட்டன் எல்லாம் எதற்கு என்று ஒருநாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். இனிமேலாவது என்னை விடுவாள் என்ற சுயநலம்தான்.

அந்த மார்கழியில் இரண்டு புயல் ஒரே சமயத்தில் இருந்தன. ஒன்று நம் வங்கக்கடலில். இன்னொன்று தெற்கே, மொரிஷியஸ் பக்கம். என் வீட்டுக்காரர் கப்பல் ஆப்பிரிக்காவிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பியிருந்தது. வழியில் நட்டநடுவில்தான் அந்தத் தெற்குப் புயல் உட்கார்ந்திருந்தது. "ரெண்டு மூணு நாள் நெட் இருக்காது. பயப்படாத" என்று கடைசியாக ஒரு மெசேஜ். கப்பல் கரையை விட்டுத் தூரமாகப் போய்விட்டால் இலவச வரைபடத்தில் அம்புக்குறி மறைந்துவிடும். கடைசியாகத் தெரிந்த இடத்தையும் புயலின் கூம்பையும் பார்த்துக்கொண்டு, இந்நேரம் இங்கே இருப்பார், இந்நேரம் அங்கே இருப்பார் என்று விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோடு எப்படிப் போட்டாலும் கூம்புக்குள்ளேயே போய் முடிந்தது.

வங்கக்கடல் புயலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் இல்லை. அது கரையைக் கடந்து வலுவிழந்துவிட்டது. அன்று காலை பார்த்தபோது அதைப் புயல் வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். "வங்கக்கடல் முடிஞ்சுதுங்க" என்று குழுவில் எழுதினேன். வெளியே நல்ல மழை. முந்தின நாளே தொடங்கியது, விட்டபாடில்லை. மழைதானே என்று இருந்துவிட்டேன்.

ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதிக்கு மாவு கொடுக்க வேண்டியிருந்தது. அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. கிரைண்டரைப் போடலாம் என்று போனால் கரண்ட் இல்லை. போனில் சார்ஜும் கொஞ்சம்தான். அதற்குள் தூத்துக்குடிப் பெண்ணின் பெயர் திரையில் வந்தது. இன்றைக்கு என்ன செவப்போ என்று நினைத்தேன். என் புருஷன் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத நாளில் அடுத்தவர்கள் புருஷனைத் தேட எனக்குத் தெம்பில்லை. சத்தத்தை அணைத்து, போனை அரிசி டிரம் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். கண் அசந்துவிட்டது போலிருக்கிறது.

மத்தியானம் மாமா குரல் கொடுத்துத்தான் எழுந்தேன். "இன்னாம்மா, கரண்ட்டு இன்னும் வர்லியா? டிவி நியூஸும் பாக்க முடியல" என்றார். எழுந்துபோய் நேரம் பார்க்கப் போனைத் திருப்பினேன். திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். அவள் மட்டும் இல்லை, குழுவில் இருக்கிற பல பேர். இதுவரை எனக்கு ஒருதடவைகூடப் போன் செய்யாதவர்கள் எல்லாம் கூப்பிட்டிருந்தார்கள்.

இத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைத் தேட ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, என்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். திருப்பிக் கூப்பிட விரல் வரவில்லை. போனை மறுபடியும் கவிழ்த்து வைத்தேன். மாமாவைப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து கால் மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இவரிடம் நான் எப்படிச் சொல்லப்போகிறேன் என்று நினைத்தபோதே போன் டிரம் மேல் அதிர்ந்தது. எடுத்தேன்.

"அக்கா! எடுத்துட்டியளா! எங்கக்கா இருக்கிய?"

"எதுவா இருந்தாலும் நேரா சொல்லிடும்மா. கப்பலுக்கு இன்னா ஆச்சு?"

"கப்பலா? ஐயோ, அண்ணன் கப்பலப் பத்தி ஒண்ணும் தெரியாதுக்கா. அதுக்கா கூப்பிடுதோம்? உங்களத்தாங்கா காலைல இருந்து பாத்துக்கிட்டு இருக்கோம். உங்க ஊரு மேலதாங்கா நிக்குது!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புயல் பார்க்கிறவள் என்ற திமிர் வேறு. "எதும்மா நிக்குது? அது காலையிலயே வலுவிழந்து போச்சே. மேப்லேருந்தே எடுத்துட்டாங்க" என்றேன்.

"காத்துதானக்கா போச்சு. மழ போவலியே! நீங்கதான அந்தப் பட்டனக் காட்டித் தந்திய. மழைய மட்டும் காட்டுத பட்டன். அத அமுக்கிப் பாத்தேன். உங்க ஊரு மேல கத்திரிப்பூ கலருல அப்பிக் கெடக்குக்கா, காலைல இருந்து நவரவே இல்ல. உங்க பக்கத்துக் கீழ்பென்னாத்தூர்ல ரோட்டு மேல தண்ணி போவுதுன்னு டிவில காட்டுதான். ஓடைக்கரையிலதான் வீடுன்னு சொன்னியல்லா? கெளம்புங்கக்கா."

போனைக் காதில் வைத்துக்கொண்டே பின்கதவைத் திறந்தேன். வருடம் முழுக்கக் குப்பையும் முள்ளுமாகக் கிடக்கிற எங்கள் ஓடை செம்மண் நிறத்தில் நுரை கக்கிக்கொண்டு போனது. துணி துவைக்கிற கல்லைக் காணோம். கொல்லைப் படியில் தண்ணீர் ஏறியிருந்தது. இத்தனை நேரம் மழைச் சத்தம் என்று நான் நினைத்தது மழைச் சத்தமே இல்லை. வருடக்கணக்காக உலகத்துக் கடலையெல்லாம் அலசியவள், கொல்லைக் கதவைத் திறந்து பார்க்கவில்லை.

மாமா கிளம்ப மறுத்தார். "எங்கம்மா போறது இந்த மழையில? இந்த ஓடையப் பத்தி எனக்குத் தெரியாதா? சாயந்தரத்துக்குள்ள வடிஞ்சிடும். நீ டீயப் போடு" என்றார்.

ஒன்று சொல்கிறேன், நம்புங்கள். எனக்கும் கிளம்ப மனசில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அலுப்பு எப்படிப்பட்டதென்றால், வருவது வரட்டும், இப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. ஊறின அரிசி இருக்கிறது, விடுதிக்காரர் கேட்பார், கிழவரைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன், ஒருவேளை அவர் சொல்கிறபடி வடிந்தாலும் வடியும். "பாக்கறேன்மா, நீ வை" என்று சொன்னேன்.

"வைக்க மாட்டேன். நீங்க வண்டில ஏறுத வரைக்கும் நான் வைக்க மாட்டேன். எனக்கு யாருக்கா இருக்கா, செவப்பா தெரிஞ்சா கேக்குததுக்கு?" என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எங்கேயோ தூத்துக்குடியில் இருக்கிற, முகத்தைக்கூட நேரில் பார்க்காத பெண். அவள் அழுததில்தான் எனக்கு உடம்பில் உயிர் வந்தது.

வாசலுக்கு ஓடி, இரண்டு வீடு தள்ளியிருக்கிற ஆட்டோக்கார பாயைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார். "நானே வந்து கதவத் தட்டலாம்னு இருந்தேங்க்கா. தண்ணி ஜாஸ்தியாயிட்டே போவுது. பெரியவர நான் தூக்கிக்கறேன். நீங்க சாவிய மட்டும் எடுங்க" என்று உள்ளே வந்தார். மாமா முரண்டு பிடிக்கப் பார்த்தார். பாய் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அலாக்காகத் தூக்கிவிட்டார். "யோவ் பாய், உடுய்யா என்னை! என் செருப்பு! என் தைல பாட்டிலு!" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே போனார் மாமா. ஒரு ஆட்டோவில் பாயின் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், மாமா, நான். வண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் போனில் அவள் குரல், "ஏறிட்டியளாக்கா?" என்று கேட்டது. ஏறிட்டேன் என்று நான் சொன்னது அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஊருக்குள் இருக்கும் பாயின் அக்கா வீட்டில் எங்களுக்குச் சுடச்சுடக் கஞ்சி கொடுத்தார்கள். மாமா அதிலும் உப்பு கம்மி என்றார். நான் ஒரு மூலையில் சாய்ந்து, செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு மொரிஷியஸையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு போகும் என்று அப்போதும் நான் நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் மழை விட்டதும் பாயோடு போய்ப் பார்த்தோம். ஓடை தன் வழியை விட்டு எங்கள் வீட்டு வழியாகப் போயிருந்தது. பின்சுவர் இல்லை. சமையலறை இல்லை. கிரைண்டர் சேற்றில் பாதி புதைந்திருந்தது. மாமாவின் கட்டில் கிடந்த இடத்தில், மலையிலிருந்து தண்ணீர் உருட்டிக்கொண்டு வந்த ஒரு பாறை உட்கார்ந்திருந்தது. மாமா அந்தப் பாறையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஆட்டோவில் போய் ஏறிக்கொண்டு, "வாம்மா போலாம்" என்றார்.

கரண்ட் வந்து போனுக்கு உயிர் கொடுத்ததும் முதலில் குழுவைத் திறந்தேன். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒருவர்கூடத் தன் வீட்டுக்காரர் கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாம் என்னைப் பற்றித்தான். "ஆட்டோ சத்தம் கேட்டுச்சு, அப்புறம் கட் ஆயிட்டு" என்று தூத்துக்குடிப் பெண். "திருவண்ணாமலையில யாருக்காச்சும் சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று ஒருத்தர். "மழை கொஞ்சம் வடக்க நகருது, அக்கா ஊர் மேல கலர் கம்மியாயிருக்கு" என்று இன்னொருத்தர். எனக்குப் பெயர் மட்டுமே தெரிந்த பெண்கள், ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து, விடிய விடிய என் ஊரை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

குழுவுக்குக் கீழே என் வீட்டுக்காரருடைய மெசேஜ். "புயலுக்குத் தெக்கால ரொம்ப தூரம் சுத்திப் போறோம். கேப்டன் முந்தியே ரூட்டை மாத்திட்டார். நான் நல்லா இருக்கேன். அங்க மழையாமே, நீங்க எப்படி?"

அப்போதுதான் அழுதேன். பாயின் அக்கா பதறிப்போய், "இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று ஓடி வந்தார். நல்லா இருக்காராம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழுதேன். கப்பலுக்கு ஒதுங்கிப் போகத் தெரிந்திருக்கிறது. அத்தனை நாளும் ஒதுங்க முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான் என்று யோசிக்கவே இல்லை.

இப்போது ஊருக்குள் மேட்டுத் தெருவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வேறு கிரைண்டர் வாங்கியாகிவிட்டது. அவர் இன்னமும் கப்பலில்தான் சமைக்கிறார். நானும் இன்னமும் பொழுது விடிந்ததும் எல்லாக் கடலையும் பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். அலுப்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். தூத்துக்குடிப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து, அது நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அவளுக்குச் செவப்பு அம்பு மேல் இருக்கிற சந்தேகம் மட்டும் இன்னும் போகவில்லை. "அக்கா, இதுவும் எண்ணெய்க் கப்பல்தானா?" என்று கேட்கிறாள். "ஆமாம்மா" என்கிறேன்.

ஆனால் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. தினமும் காலையில் நான் கப்பல் கப்பலாக எழுதிப் போட்டதும், அதற்குக் கீழே அவள் ஒரு வரி சேர்க்கிறாள். "திருவண்ணாமலை: பாத்துட்டேன், மழ இல்ல." மழை இருந்தால் எவ்வளவு என்று எழுதுவாள். அந்த ஒரு வரி வருகிறவரை போனைக் கீழே வைக்க எனக்கு மனசு வருவதில்லை. குழுவிலுள்ள அத்தனை பேருக்காகவும் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோன எனக்காகவும் ஒருத்தி பார்க்கிறாள் என்பதுதான், எழுந்துபோய் அந்த நாளின் மாவை அரைக்க இன்றைக்கும் எனக்குத் தெம்பு தருகிறது.